பழைய ஜீப்பின் ஸ்டீயரிங் உதறுகிறதா?

மணிமங்கலம் பக்கத்து விவசாயி ஒருவர் விடியற்காலையில் கீரைக்கட்டும் கத்திரிக்காயும் ஏற்றிக்கொண்டு முடிச்சூர் வழியாகத் தாம்பரம் சந்தைக்குப் போவார். வண்டி, பழைய மஹிந்திரா ஃபோர் வீல் டிரைவ் ஜீப். ஒருநாள் 50 கிலோமீட்டர் வேகத்தில் சின்னப் பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையைப் பிடுங்குவதுபோல் உதறியது. வண்டி ஏறக்குறைய நிற்கும்வரை உதறல் ஓயவில்லை. பக்கத்தில் மனைவி, பின்னால் இரண்டு கூலியாட்கள்.

ஒரு பட்டறையில் ஸ்டீயரிங் பாக்ஸையே மாற்றச் சொன்னார்கள். இன்னொன்றில் வீல் பேலன்சிங் போதும் என்றார்கள். இரண்டுமே கோளாறு அல்ல.

உதறல் எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். வேகம் கூடும்போது மட்டும் மெதுவாக அதிர்ந்தால், சந்தேகம் சக்கரத்தின் மேல். ரிம்மின் உள்பக்கம் காய்ந்து ஒட்டிய வயல் சேறே அதற்குப் போதும். கழுவிப் பார்க்கச் செலவில்லை. அதன்பிறகு டயர் வீக்கம், நெளிந்த ரிம், பேலன்சிங் எனப் பார்க்கலாம்.

பள்ளத்தில் விழுந்ததும் திடீரென்று உதறி, வேகம் குறைந்தால்தான் நிற்கிறது என்றால், முன் அச்சில் ஏதோ ஒரு இணைப்பு லொடலொடக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமும் லேசாக ஆட்ட, இன்னொருவர் கீழே குனிந்து டை ராட் எண்டுகளில் ஒவ்வொன்றாகக் கைவைத்துப் பார்க்க வேண்டும். கம்பி நகர்ந்தும் அடுத்த பாகம் தாமதமாக நகர்ந்தால் தேய்மானம் அங்கேதான். ஸ்பிரிங் பட்டையின் யூ போல்ட், ஷேக்கிள் புஷ், ஸ்டீயரிங் பாக்ஸை சட்டத்தோடு பிடிக்கும் போல்ட் ஆகியவற்றையும் விடக்கூடாது.

அடுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, அடியில் உறுதியான ஸ்டாண்டும் வையுங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் பேரிங். மணிமங்கலம் வண்டியில் நிற்கவில்லை.

கிங்பின் பேரிங் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. ஸ்டீயரிங் திரும்பும் அளவுக்கு மட்டும் அசைகிறது. அதனால் ஒரே இடத்தில் பள்ளம் விழுகிறது. வாய்க்காலில் இறங்கி ஏறும் வண்டியில் ஆயில் சீல் கிழிந்து தண்ணீர் புகுந்தால் துருவும் சேர்கிறது. தேய்மானம் குறைவாக இருந்தால் ஷிம் எடுத்து இறுக்கலாம். பள்ளம் விழுந்திருந்தால் பேரிங், கப், சீல் மூன்றையும் மாற்றத்தான் வேண்டும். உதறலை மறைக்க ஸ்டீயரிங் டேம்பர் மட்டும் பூட்டிவிடும் பழக்கம் உண்டு. அது காய்ச்சலுக்கு ஈரத்துணி போடும் வேலை.

புதுப்பேட்டையில் பழைய ரிம் பார்த்து வாங்கலாம். பேரிங், டை ராட் எண்டு பழையது வேண்டவே வேண்டாம். ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிதாகக் கேட்டுப் பாருங்கள்.

தார்ச்சாலையில் ஸ்டீயரிங் இறுகி, திருப்பத்தில் வெட்டி இழுத்தால், வயலில் போட்ட ஃபோர் வீல் கியரை எடுக்க மறந்திருக்கலாம். அதையும் பாருங்கள்.

ஓடும்போது உதறல் வந்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல ஓரம் கட்டுங்கள்.