படகுத் தகட்டுக்கு எந்த ரிவெட்?

சிங்கப்பூரின் கிளமெண்டிக்குப் பக்கத்திலேயே இரண்டு விதத் தண்ணீர் இருக்கிறது. பாண்டான் நீர்த்தேக்கத்தில் நல்ல தண்ணீர். சற்றுத் தெற்கே போனால் வெஸ்ட் கோஸ்ட் கரையில் கடல். ஒரே அலுமினியப் படகை இரண்டிலும் விட்டால், ரிவெட் தேர்வில் செய்த தப்பை நீர்த்தேக்கம் பல வருஷம் மன்னிக்கும், கடல் மன்னிக்காது. துரு பிடிக்காதது எது, வலுவானது எது என்று யோசிக்கும் நம் ஊர்க் கை தானாக எவர்சில்வர் பெட்டியை நோக்கித்தான் போகும். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. ரிவெட் துருப்பிடிக்குமா என்பதல்ல கேள்வி. பக்கத்தில் இருக்கும் தகட்டை அது என்ன செய்யும் என்பதே கேள்வி.

அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று தானாக உருவாகிக் காவல் நிற்கும். உப்பு அந்தப் படலத்தைத் துளைக்கும். அந்த இடத்தில் வேறொரு உலோகம் ஒட்டிக்கொண்டிருந்தால் உப்புநீர் இரண்டையும் இணைத்து ஒரு சின்ன பேட்டரி ஆக்கிவிடுகிறது. கடல்நீரில் அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் வரும். கரைவது எப்போதும் அலுமினியம்தான். இதைச் சமையலறையிலேயே பார்க்கலாம். எவர்சில்வர் பாத்திரத்தில் மிஞ்சிய புளிக்குழம்பை அலுமினியத் தாளால் மூடி, தாள் குழம்பில் படும்படி ஓரிரவு விட்டால், காலையில் தாளில் ஊசி குத்தியதுபோலப் பொத்தல்கள் இருக்கும். பாத்திரம் பளபளவென்றே இருக்கும். பித்தளையும் செம்பும் கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். தகட்டில் துளையிடப் பென்சிலால் குறி வைப்பதைக்கூட விமானப் பட்டறைகளில் தடுப்பார்கள். பென்சிலில் உள்ள கிராஃபைட்டும் அலுமினியத்தை அரிக்கும்.

இதற்கு விவரம் தெரிந்தவர்கள் ஒரு மறுப்புச் சொல்வார்கள். ரிவெட் குட்டி, தகடு பெரிது. அரிப்பு பெரிய பரப்பில் பரவி நீர்த்துப்போகாதா? நியாயமான வாதம்தான். 1761இல் பிரிட்டிஷ் கடற்படை 'அலார்ம்' கப்பலின் அடியில் செம்புத் தகடு போர்த்தியபோது நடந்தது இதற்கு நேர்மாறு: பெரிய செம்பு, சின்ன இரும்பாணி. இரண்டே ஆண்டில் பல ஆணிகள் கூழாகிவிட்டன. செம்புத் தகட்டைப் பொதிந்து வந்த பழுப்புக் காகிதம் இடையில் ஒட்டிக்கிடந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்தன. அந்த அளவுக்கு எவர்சில்வர் ரிவெட் கெடுக்காது என்பது உண்மை. ஆனால் உப்புநீரில் அரிப்பு தகடு முழுதும் பரவுவதில்லை. ரிவெட் தலைக்கு அடியில் தேங்கும் நீர் துளையின் விளிம்பையே தின்னும். முதலில் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும், பெயின்ட் உப்பும், பிறகு துளை அகன்று ரிவெட் ஆடத் தொடங்கும். தகடு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயன் என்ன, பிடி போவது அந்த விளிம்பில்தானே!

ஆகவே தகட்டின் சொந்த உலோகத்தையே ரிவெட்டாகப் போடுவதுதான் புத்தி. மெக்னீசியம் கலந்த 5052 போன்ற தகடுகளுக்கு 5056 அலுமினிய ரிவெட் பொருந்தும். விமானத்துக்குச் செய்யப்படும் 2117 வகையும் அலுமினியம்தான் என்றாலும் அதில் செம்பு கலந்திருப்பதால் கடலுக்கு ஆகாது. அலுமினியம் மெத்தென்றிருக்குமே என்றால், விட்டத்தைக் கூட்டலாம்: திட ரிவெட்டை 3.2 மி.மீ.-இலிருந்து 4.8 மி.மீ. ஆக்கினால் குறுக்குப் பரப்பு இரண்டேகால் மடங்காகும். அமெரிக்காவின் க்ரம்மன் விமான நிறுவனம் இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்திலிருந்து செய்த அலுமினிய ரிவெட் படகுகளில் பல பத்தாண்டுக் கணக்கில் மிதக்கின்றன. அவை பெரும்பாலும் நல்ல தண்ணீரில் ஓடியவை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எவர்சில்வரைத் தவிர்க்கவே முடியாத இடங்களும் உண்டு. அங்கே நைலான் வாஷரும் காப்புப் பசையும் இடையில் இருக்கட்டும். பெயின்ட் அடிப்பதானால் அலுமினியத்துக்கு மட்டும் அடித்து ரிவெட்டை வெறுமனே விடாதீர்கள். பெயின்டில் ஒரு கீறல் விழுந்தால் அரிப்பு முழுதும் அந்தக் கீறலில் குவியும். அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரையட்டும் என்று நீரில் தொங்கவிடும் துத்தநாகக் கட்டியை நம்பினால், அது நீருக்கு மேலே இருக்கும் ரிவெட்டுக்கு உதவாது. பாப் ரிவெட் வாங்குகிறவர்கள் வெளிக்குழலை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். குழல் அலுமினியமாக இருந்தாலும் இழுத்து முறிக்கும் நடுக்கம்பி பெரும்பாலும் இரும்பு. அதன் தலை உள்ளேயே தங்கித் துருப்பிடிக்கும். குழல், கம்பி இரண்டின் உலோகமும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும். இரண்டும் அலுமினியமாக, முனை மூடியதாகக் கேட்டு வாங்குங்கள்.