பூவுக்குள் இருந்த புதிய இனம்

யாழ்ப்பாணத்து இணுவிலில் கடல் இல்லை. செம்மண் தோட்டங்களும் கிணறுகளுமாக இருக்கும் ஊர் அது. ஆனாலும் சுன்னாகம் சந்தையில் மீன் வாங்கும் இணுவில்காரருக்கு மீன் பார்க்கத் தெரியும். விலை கேட்க முன்னமே பூவை, அதாவது செவுளை, தூக்கிப் பார்ப்பார். சிவந்திருந்தால் புது மீன். வெளிறியிருந்தால் ஐஸில் கிடந்தது. சில மீன்களில் அந்தப் பூவுக்குள் விரல் நகமளவில் வெள்ளையாக ஒரு பூச்சி, கொக்கிக் கால்களால் இறுகப் பற்றியபடி இருக்கும். மீன் வெட்டுபவர் அதைக் கிள்ளி எறிந்துவிடுவார்.

அப்படியான ஒன்றை எறியாமல் எடுத்து வைத்து ஆராய்ந்தவர்கள் கேரளத்தில் இருக்கிறார்கள். கொல்லத்துக்கு அப்பால் ஆழ்கடலில் பிடிபட்ட மீன்களின் பூவறைக்குள் இருந்த சிறு ஓட்டுடலி அது. கேரளப் பல்கலைக்கழகத்தின் பி.ரி. அனீஷ், ஏ. பிஜுகுமார் ஆகியோர், பாரிசிலுள்ள தேசிய இயற்கை வரலாற்று நூதனசாலை, தென்னாபிரிக்காவின் நோர்த் வெஸ்ற் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்களோடு சேர்ந்து, அறிவியல் அதுவரை பெயரிடாத இனம் அது என்று நிறுவினார்கள். 2025 தொடக்கத்தில் செய்தி வெளிவந்தது. சூட்டிய பெயர் புரூசெதோவா இஸ்ரோ. பெயரின் முற்பகுதி, இந்த வகை உயிர்களை அவுஸ்திரேலியாவில் நெடுங்காலம் ஆராய்ந்த நீல் புரூசுக்கு மரியாதை. பிற்பகுதி இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்துக்கு.

இறாலுக்கும் நண்டுக்கும் உறவான ஐசோபோடா என்ற கூட்டத்தைச் சேர்ந்தது இது. பெண் 19 மில்லிமீற்றர் நீளமும் 6 மில்லிமீற்றர் அகலமும் வரை வளரும். ஆண் அதில் ஏறக்குறையப் பாதிதான். இதன் குடும்பமான சைமோதோயிடேயின் வாழ்க்கை முறையை முதன்முதலாகக் கேட்பவர் நம்பத் தயங்குவார். இந்தக் குடும்பத்தில் எல்லோரும் ஆணாகவே வாழ்வைத் தொடங்குகிறார்கள். மீனொன்றில் முதலில் குடியேறியது வளர்ந்து பெண்ணாக மாறும். பின்னால் வந்தது ஆணாகவே அருகில் இருக்கும். பெண்ணின் வயிற்றடியில் மெல்லிய தகடுகள் சேர்ந்து ஒரு பையாகும். முட்டைகள் அதற்குள்ளேயே பொரிக்கும். வளர்ந்த உயிருக்கு 7 சோடிக் கால்கள். ஆனால் பையை விட்டு நீந்திப் போகும் குஞ்சுக்கு 6 சோடிதான். கடைசிச் சோடி பிறகுதான் முளைக்கும். ஐசோபோடாக்கள் தோல் கழற்றும் விதமும் தனி: பின்னரை உடம்பு முதலில், முன்னரை பிறகு. மீனைப் பிடித்தபடியே வாழவேண்டிய ஒன்றுக்கு இது பெரிய வசதி.

இதற்கு விருந்து வழங்கும் மீனின் கதை 130 ஆண்டுகள் பின்னால் போகிறது. பெரிய பச்சைக் கண்களும் தாடையில் முள்ளும் உள்ள அந்த மீனின் பெயர் குளோரோப்தால்மஸ் கோர்னிகர். 1894 இல் அதற்குப் பெயர் சூட்டியவர் அல்பிரட் அல்கொக்.

நம் பக்கத்துக் கடல்களின் ஆழத்தைப் பற்றிப் பேசும் எவரும் அல்கொக்கைத் தாண்டிப் போக முடியாது. 1885 இல் இந்திய மருத்துவ சேவையில் சேர்ந்த வைத்தியர் அவர். 1888 முதல் 1892 வரை ‘இன்வெஸ்ரிகேற்றர்’ என்ற அளவைக் கப்பலில் வைத்தியராகவும் இயற்கை ஆய்வாளராகவும் இருந்தார். 1881 இல் பம்பாயில் வெள்ளோட்டம் விட்ட துடுப்புச் சக்கர நீராவிக் கப்பல் அது. கடல் வரைபடம் தயாரிப்பதே அதன் கடமை. ஆழம் அளக்கும் வேலைக்கிடையில் கிடைத்த நேரத்தில்தான் வலையை அடிக்கு இறக்கினார்கள். வங்காள விரிகுடா, அந்தமான் கடல், மன்னார் வளைகுடா, இலங்கையைச் சூழ்ந்த கடல் என்று அந்த வலை அள்ளியவை கல்கத்தாவின் இந்திய நூதனசாலைக்குப் போயின. ஆழ்கடல் இறால்களையும் சிங்கி இறால்களையும் பற்றி 1901 இல் அல்கொக் வெளியிட்ட விவரணப் பட்டியலை இன்றும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் புரட்டாமல் இருக்க முடியாது.

அந்தக் கப்பலின் விலங்குகளுக்கென வெளிவந்த பெரிய படத்தொகுதியில் இரண்டு வங்காளப் பெயர்கள் உண்டு: ஏ.சி. சௌத்ரி, எஸ்.சி. மண்டல். மயிரிழையளவு முட்களைக்கூட எண்ணி வரைந்த ஓவியர்கள் அவர்கள். இனத்தின் பெயருக்குப் பின்னால் அல்கொக்கின் பெயர் நிற்கிறது. ஓவியர்களின் பெயரைத் தேடித்தான் காணவேண்டும். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அந்த உயிர்களை அடையாளம் காண முடிகிறதென்றால் அதில் அந்தக் கைகளுக்குப் பாதிப் பங்கு என்று தயங்காமல் சொல்லலாம்.

ஒரு பூச்சியைப் பார்த்தவுடன் “புதியது” என்று சொல்லிவிட முடியாதா? முடியாது. கடலில் பிடிப்பது சில மணி நேர வேலை. அது புதியது என்று காட்டுவது மேசையில் மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் நடக்கும் வேலை.

மதுசாரத்தில் கிடக்கும் உடலை முதலில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து முழுதாக வரைவார்கள். பிறகு மெல்லிய ஊசிகளால் ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றுவார்கள். மறுபக்கம் குலையாமல் இருக்கவேண்டும். நாளைக்கு வேறொருவர் சரிபார்க்க அது வேண்டும். உணர்கொம்பில் எத்தனை கணு, தாடையின் ஓரத்தில் எத்தனை பல், நாலாவது காலின் நுனியில் எத்தனை முள், வால் தகட்டின் விளிம்பு வளைவா நேரா என்று ஒவ்வொன்றும் பதிவாகும். சில மில்லிமீற்றர் உடலுக்கு இவ்வளவும். முன்பு கண்ணாடிக் கருவியைப் பொருத்திக் கடதாசியில் வரைந்தார்கள். இப்போது பலர் கணினித் திரையில் வரைகிறார்கள். ஒளிப்படம் எடுக்கும் வசதி எவ்வளவு பெருகினாலும் கோட்டோவியம் போகவில்லை. எந்த முள் முக்கியம் என்று கமரா தெரிந்தெடுக்காது.

அதற்குப் பிறகுதான் கடினமான பகுதி. அதே கூட்டத்தில் ஏற்கெனவே பெயரிடப்பட்ட இனங்கள் எல்லாவற்றோடும் ஒப்பிடவேண்டும். 1890 களில் யாரோ நாலு வரியில் எழுதி, ஒரே ஒரு படம் போட்டிருப்பார். அந்த நாலு வரி போதாதென்றால் அவர் கையில் வைத்துப் பார்த்த அதே உடலைத் தேடிப் போகவேண்டும். அது கல்கத்தாவில் இருக்கலாம், லண்டனில் இருக்கலாம், பாரிசில் இருக்கலாம். இனத்தின் பெயரைத் தாங்கும் அந்த ஒற்றை உடலை மூலமாதிரி என்பார்கள். சந்தேகம் வந்தால் கட்டுரை, படம், பரம்பரையலகுத் தரவு எல்லாவற்றுக்கும் மேலாகக் கடைசித் தீர்ப்பு சொல்வது அதுதான். இன்று இழைமணியின் பரம்பரையலகொன்றில் ஏறத்தாழ 650 எழுத்துகள் நீளமான துண்டொன்றை வாசித்து ஒப்பிடுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் நூறாண்டு பழைய போத்தலில் கிடக்கும் உடலிலிருந்து அதை எடுப்பது பெரும்பாடு. ஆகவே கண்ணும் ஊசியும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

இத்தனையும் முடிந்து, விலங்குகளுக்குப் பெயரிடும் சர்வதேச விதிகளின்படி விவரணம் அச்சேறும் நாளில்தான் அந்த உயிருக்குப் பெயர் செல்லுபடியாகும். இதற்கு எடுக்கும் காலத்தை 2012 இல் பாரிசு நூதனசாலையின் ஆய்வாளர்கள் கணக்கிட்டுப் பார்த்தார்கள். ஒரு உயிர் பிடிபட்ட நாளுக்கும் அதன் பெயர் அச்சேறும் நாளுக்கும் இடையில் சராசரி 21 ஆண்டுகள். இருபத்தோராண்டு ஒரு அலுமாரித் தட்டில்! கடலில் இன்னும் தேடப்படாத இடங்கள் ஒரு பக்கம் இருக்க, ஏற்கெனவே பிடித்த போத்தல்களைத் திறந்து பார்க்கவே ஆள் போதவில்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது.

மேசைக்கு வந்துவிட்டவை தரும் செய்திகளோ சாதாரணமானவை அல்ல. பசிபிக்கின் மரியானா அகழியில் 6,000 மீற்றருக்கும் கீழே இரை வைத்த கூடுகளில் 2014 இல் பிடிபட்ட, அம்பிபோடா என்ற ஓட்டுடலிக் கூட்டத்து உயிரொன்று 2020 இல் பெயர் பெற்றது: யூரிதீனிஸ் பிளாஸ்ரிக்கஸ். அதன் குடலில், தண்ணீர்ப் போத்தல் செய்யும் அதே பிளாஸ்ரிக்கின் நார் ஒன்று கிடந்தது. பெயர் பெறும் முன்னரே எங்கள் குப்பை அந்த இனத்தைச் சென்றடைந்துவிட்டது. 2021 இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்ரிக் மணிகள் கரையெங்கும் ஒதுங்கியதைக் கண்ட நாட்டுக்கு இதைத் தனியே விளக்கவேண்டியதில்லை. 2024 இல் சிலிக்கு அப்பால் அற்றகாமா அகழியில் 7,902 மீற்றர் ஆழத்திலிருந்து துல்சிபெல்லா கமன்சாக்கா என்ற இன்னொரு அம்பிபோடா விவரிக்கப்பட்டது. ஏறத்தாழ 4 சென்ரிமீற்றர் நீளமான இது, தன் சிறு உறவினர்களையே வேட்டையாடித் தின்னும்.

இவற்றுக்குப் பெயர் வைப்பதில் ஏன் இந்த அவசரம் என்று கேட்கலாம். கடலடியில் சுரங்கம் தோண்டும் காலம் நெருங்குகிறது என்பதே காரணம். ஹவாய்க்கும் மெக்சிக்கோவுக்கும் இடையில் உலோக முடிச்சுகள் பரந்து கிடக்கும் கிளாரியன்–கிளிப்பர்ட்டன் என்ற வலயத்தில் 5,578 விலங்கினங்கள் இருக்கக்கூடும் என்று 2023 இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. அவற்றில் பத்தில் ஒன்பதுக்குப் பெயரே இல்லை. பெயரில்லாத உயிர் அழிந்தால் அதை எந்தப் பட்டியலிலும் எழுத முடியாது. எதிர்த்து வழக்காடவும் முடியாது. பெயர் என்பது இங்கே ஓர் உயிர் ஆவணத்துக்குள் நுழையும் முதற்படி.

இந்த விடயம் நமக்குத் தூரத்துச் செய்தியும் அல்ல. இலங்கைக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தின் நடுவில் அபனாசி நிக்கித்தின் என்ற கடலடி மலை இருக்கிறது. கோபால்ற் செறிந்த படிவு அங்கே உண்டு. அதை ஆராயும் உரிமை கோரி 2024 ஜனவரியில் இந்தியா சர்வதேசக் கடலடி அதிகாரசபையிடம் விண்ணப்பித்தது. 2009 இல் இலங்கை ஐ.நா. ஆணைக்குழுவிடம் சமர்ப்பித்த விரிந்த கண்டமேடைக் கோரிக்கைக்குள்ளும் அந்த மலை வருகிறது. எந்த நாட்டுக்கு உரியது என்ற வாதம் உரத்துக் கேட்கிறது. அங்கே என்னென்ன வாழ்கின்றன என்ற கேள்வி அவ்வளவு உரத்துக் கேட்பதில்லை.

யாழ்ப்பாணத்தவருக்குக் கடல் என்றால் பெரும்பாலும் ஆழமற்ற கடல்தான். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. ஆனால் கிழக்கே திருகோணமலைக்குப் போனால் கதை வேறு. கொட்டியாரக்குடாவின் வாசலிலேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு 3,000 மீற்றருக்கும் மேல் இறங்குகிறது. ஆழ்கடல் இவ்வளவு கிட்ட வந்து நிற்கும் துறைமுகங்கள் உலகில் அதிகமில்லை. தமிழ் பேசும் கடற்றொழிலாளர்களின் வாசலில் இருக்கும் ஆழம் அது.

கொல்லத்துப் பச்சைக்கண் மீன்கள் பிடிபட்ட ஆழத்தை அங்கே இறால் தேடும் இழுவைமடிகள்தான் எட்டுகின்றன. இழுவைமடி என்ற சொல் வடபகுதிக் கடற்றொழிலாளர் வீட்டில் எப்படிக் கேட்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அடியை வாரி அள்ளும் இந்தத் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. அது சரியான சட்டம். புதிய இனம் ஒன்று கிடைக்கும் என்பதற்காக அதைத் தளர்த்தச் சொல்வது, புத்தகம் தேட நூலகத்தை இடிப்பதற்குச் சமம். ஆழத்தை அறிய வேறு வழிகள் உண்டு. மரியானாவில் வேலை செய்ததும் இரை கட்டிய கூடுதான். அந்த நுட்பம் நண்டுக்குக் கூடு வைக்கும் நம்மவர்களுக்குப் புதிதல்ல. கடல்நீரை அள்ளி அதில் மிதக்கும் பரம்பரையலகுத் துணுக்குகளை வாசிக்கும் முறையும் வந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் துறை இருக்கிறது. திருகோணமலையில் படகும் ஆழமும் இருக்கின்றன. இல்லாதது, ஓட்டுடலிகளைக் கற்று அதிலேயே இருபது ஆண்டு நிலைக்கும் ஒரு சிறு கூட்டமும், அவர்கள் பார்த்த உடல்களைப் பாதுகாக்கும் ஒரு நல்ல மாதிரிக் களஞ்சியமும். வடக்கிலோ கிழக்கிலோ அப்படியொரு களஞ்சியத்துக்குச் செலவிடுவது, அல்கொக்கின் காலத்தில் தவறவிட்டதை இப்போதாவது பிடிப்பதாகும்.

அதுவரை எவரும் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு. மீனின் பூவுக்குள்ளோ வாய்க்குள்ளோ வழக்கத்துக்கு மாறான ஒரு பூச்சியைக் கண்டால் கைத்தொலைபேசியில் அளவுகோலோடு சேர்த்துப் படமெடுங்கள். மீனின் பெயர், பிடித்த திகதி, இடம், ஆழம் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பூச்சியைச் சிறு போத்தலில் எதனோலில் போடுங்கள். போமலின் வேண்டாம், அது பரம்பரையலகைக் கெடுத்துவிடும். பென்சிலால் எழுதிய துண்டொன்றைப் போத்தலுக்குள்ளேயே இடுங்கள், பேனை மை கரைந்துபோகும். பிறகு பல்கலைக்கழகத்தின் கடற்றொழில் துறையிடமோ கொழும்பு தேசிய நூதனசாலையிடமோ சேர்ப்பியுங்கள். பாடசாலை உயிரியல் ஆசிரியர்கள் இதைத் தங்கள் மாணவர்களோடு தொடங்கலாம்.