கிளினிக் நாளுக்கும் பேர் விழவேண்டும்

இரத்தினபுரி மாவட்டத்துக் கலவான ஆதார வைத்தியசாலையில் வைத்தியரைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. சுகாதார வைத்திய அதிகாரி (எம்.ஓ.எச்.) பணிமனை நடத்தும் வெல் வுமன் கிளினிக்கிலும் பிரஷர், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பைக் கழுத்து எல்லாவற்றையும் காசு வாங்காமல்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் சுற்றுவட்டத் தேயிலை, இறப்பர் தோட்டங்களில் நாட்கூலிக்கு உழைக்கும் பெண் அந்தக் கிளினிக்குக்கு ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டியிருக்கிறது. அன்றைக்குச் செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் அவளுக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலியும் இல்லை. 2026 வரவுசெலவுத் திட்டம் அடிப்படை நாட்கூலியாக 1,550 ரூபாயையும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசின் ஊக்கத்தொகையாக 200 ரூபாயையும் முன்மொழிந்தது. அந்தக் கணக்குப்படி உடம்பைக் காட்டப் போகும் ஒரு நாள் 1,750 ரூபாயை விழுங்குகிறது. வரவுக்கு ஊக்கம் கொடுக்கக் கொடுக்க, கிளினிக் நாளின் விலையும் ஏறிக்கொண்டே போகும். தோட்டத்துப் பெண்களின் நோய்கள் முற்றிய பிறகே வெளியே வருவதற்குப் பெரிய காரணம் இந்த விலைதான் என்பது என் வாதம்.

இதைச் சொன்னதும் எழும் முதல் மறுப்பு, தோட்டத்துச் சனத்துக்கு விவரம் போதாது, வெட்கம் அதிகம் என்பது. பிள்ளைப்பேற்றைப் பார்த்தாலே இது நிற்காது என்று தெரியும். இன்று இலங்கையில் தோட்டம் உட்பட ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான் நடக்கிறது. லயத்து அறையில் பிள்ளை பெறுவதே வழக்கமாக இருந்த சமூகம் ஓரிரு தலைமுறையில் மாறியிருக்கிறது. வெட்கம் தடையென்றால் இங்கேதான் அது எல்லாவற்றையும் விடப் பெரிய தடையாக இருந்திருக்கும். மிட்வைப் மிஸ் வீடு தேடி வந்து பதிந்தார், கிளினிக் கார்ட் கையில் கிடைத்தது, திரிபோஷா சத்துமாவும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைத்தன. பேற்றுக் காலத்துக் கூலிக்கு 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் காவலாக நின்றது. 2018இல் வந்த திருத்தம் மூன்றாம் பிள்ளைக்கு 42 நாள் என்றிருந்த பாகுபாட்டை நீக்கி, எத்தனையாவது பிள்ளையானாலும் 84 நாட்கள் என்று ஆக்கியது. சேவை வாசலுக்கு வந்து, கூலிக்கும் காப்பு இருந்தபோது பெண்கள் போனார்கள். பிள்ளை பெறும் உடம்புக்குக் கிடைத்த இந்த ஏற்பாடு அதே உடம்பின் மற்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

அந்த ஆண்டுகளில் ஆபத்துக்குக் குறைவில்லை. வயதுக்கு வந்ததிலிருந்து மாதாமாதம் போகும் இரத்தத்துக்கு ஈடான இரும்புச்சத்து உணவில் இல்லாவிட்டால் சோகை வரும். ரொட்டியோடு சேர்த்துக் குடிக்கும் பிளேன்டீ அந்த உணவிலுள்ள இரும்பையும் உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் அது சோகை. ஏற்றம் ஏறும்போது மூச்சு வாங்குவதைக் களைப்பு என்று விட்டுவிடுகிறோம். மலையில் கழிப்பறை இல்லாததால் சிறுநீரை அடக்குவதும், அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழி. பல பிரசவங்களுக்குப் பிறகும் நிறையான கொழுந்துச் சுமையைத் தூக்கி நடப்பவர்களுக்குக் கர்ப்பப்பை இறங்கும் வாய்ப்புக் கூடுகிறது. நாள் முழுதும் வாயில் அடக்கும் வெற்றிலையில் புகையிலை மட்டும்தான் கெடுதல் என்று பலர் நினைக்கிறார்கள். புகையிலை சேராத பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. வாய்க்குள் ஆறாத புண்ணோ வெள்ளைப் படலமோ தெரிந்தால் பல் வைத்தியரிடம் காட்டவேண்டும். மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும் அது உடனே வைத்தியரிடம் போகவேண்டிய விஷயம்.

கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோயைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேசவேண்டும். ஏறக்குறைய முழுவதுமாகத் தடுக்கக்கூடிய நோய் அது. எச்.பி.வி. என்ற வைரஸ் தொற்றி, நீங்காமல் தங்கிவிட்டால், கலங்கள் மாறிப் புற்றாக ஆவதற்குப் பொதுவாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். அத்தனை ஆண்டும் வலி இருக்காது. ஆனால் பாப் பரிசோதனையில் அந்த மாற்றம் தெரிந்துவிடும், தெரிந்தால் கர்ப்பப்பையை எடுக்காமலே சிறிய சிகிச்சையில் நீக்கிவிடலாம். 1996இல் தொடங்கிய வெல் வுமன் கிளினிக் இன்று 35, 45 ஆகிய வயதுகளில் பெண்களைக் குறிப்பாக அழைப்பது இதற்காகத்தான். 2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே எச்.பி.வி. தடுப்பூசி போடப்படுகிறது. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வந்தால் தயங்காமல் கையெழுத்திடுங்கள். ‘வருத்தம் இருக்கென்று தெரிந்து என்ன செய்யப்போகிறோம், தெரியாமலே இருந்துவிட்டுப் போகலாம்’ என்று சொல்பவர்களின் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. முற்றிய நிலையில் மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போனவர்களைத்தானே அவர்கள் பார்த்திருக்கிறார்கள். நேரத்தோடு கண்டுபிடித்துக் குணமான பெண் மறுநாளே மலைக்குப் போய்விடுவதால் அவளுடைய கதை லயத்தில் பேசப்படுவதில்லை. வெட்கத்துக்கும் இப்போது ஒரு வழி வந்திருக்கிறது. எச்.பி.வி. பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. தோட்டங்களுக்கு இது முதலில் வரவேண்டும்.

தோட்டத்தில் டிஸ்பென்சரியும் தோட்ட வைத்திய உதவியாளரும் (இ.எம்.ஏ.) இருக்கும்போது வெளியே ஏன் போகவேண்டும் என்பது நிர்வாகத்தின் பக்கமிருந்து வரும் கேள்வி. காய்ச்சலுக்கும் வெட்டுக்காயத்துக்கும் அந்த ஏற்பாடு உதவும், மறுக்கவில்லை. ஆனால் இ.எம்.ஏ. வைத்தியர் அல்ல, பெரும்பாலும் பெண்ணும் அல்ல. வெள்ளைப்படுதலைப் பற்றி அவரிடம் எந்தப் பெண் வாய் திறப்பாள்? தொழிலாளியின் உடல்நலத்தை முதலாளியின் பொறுப்பாக்கிய 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் அன்றைக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் பொறுப்பை இப்படி முதலாளியிடம் விட்டதுதான் நாடு முழுவதும் வளர்ந்த அரச சுகாதார சேவை தோட்டத்து எல்லையில் நெடுங்காலம் நின்றுவிடக் காரணமாகவும் ஆனது. தோட்டத்துப் பெண்ணும் இந்த நாட்டின் பிரஜை. எம்.ஓ.எச். சேவையில் கிராமத்துப் பெண்ணுக்குள்ள உரிமை அவளுக்கும் அப்படியே உண்டு.

செலவு தாங்காது என்பது கம்பனிகளின் வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35இல் ஒரு நாள், 45இல் ஒரு நாள். முழுப் பேர் போட்டாலும், அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்தே ஒரு தொழிலாளிக்குப் பத்து ஆண்டில் 3,500 ரூபாய். அனுபவமுள்ள ஒருத்தி மாதக்கணக்கில் படுத்துவிட்டால் அழியும் கொழுந்து இதைவிடப் பல மடங்கு. கிளினிக் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்குப் போவார்கள் என்ற சந்தேகத்துக்கு விடை கிளினிக் கார்டிலேயே இருக்கிறது. முத்திரையைக் காட்டினால் பேர் போடட்டும். மிட்வைப்பும் வைத்தியரும் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைக்காம்பராவுக்கே வந்து பரிசோதித்தால் அரைநாளே போதும்.

பேர் விழுந்தாலும் தீராத ஒரு குறை மொழி. கலவானத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. நிர்வாக மொழி சிங்களமான இடத்திலும் அரச அலுவலருடன் தமிழில் பேசவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. நோய் விவரத்தை மகனோ கங்காணியோ நடுவில் நின்று மொழிபெயர்க்க வேண்டிய நிலை பெண்ணின் அந்தரங்கத்தையே பறித்துவிடும். குடும்பக் கட்டுப்பாட்டுச் சத்திரசிகிச்சை தோட்டப் பெண்களிடையே நாட்டின் மற்றப் பகுதிகளைவிட அதிகம் என்பதை நினைத்தால் இதன் கனம் விளங்கும். புரியாத மொழியிலுள்ள தாளில் இடும் கையெழுத்து சம்மதமாகாது. என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா என்று தமிழில் கேட்டு, பதில் வந்தபிறகே கையெழுத்திடுங்கள். மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். பேற்றுக் காலக் கூலியைத் தராவிட்டாலும், கர்ப்பத்தைக் காரணம் காட்டி வேலையை விட்டு நிறுத்தினாலும் தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போங்கள். வீட்டில் அடியோ மிரட்டலோ இருந்தால் 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்தை அழைக்கலாம்.

கிளினிக் நாளுக்குப் பேர் என்ற கோரிக்கையைத் தனியொரு பெண் தொரையிடம் கேட்டு வாங்க முடியாது. சிறுதோட்டக்காரர்களிடம் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கும் பெண்களுக்குச் செக்ரோலே இல்லை, அவர்களுக்காக எம்.ஓ.எச். பணிமனை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ கிளினிக் வைக்கவேண்டும். பதிவான தொழிலாளிகளைப் பொறுத்தவரை, 2021இல் ஆயிரம் ரூபாய்க் கூலி சம்பள நிர்ணய சபை வழியாக வந்ததிலிருந்து பேரம் பேசும் மேசை அங்கேதான் இருக்கிறது. தொழிற்சங்கங்களுக்கு அதில் ஆசனமுண்டு. கூலியை எவ்வளவு கூட்டுவது என்று அடுத்த முறை அங்கே பேசும்போது, 35 வயதிலும் 45 வயதிலும் வெல் வுமன் கிளினிக்குக்கு ஒவ்வொரு நாள், மேற்பரிசோதனைக்கு இரத்தினபுரிக்கு அனுப்பினால் அந்த நாளும், முழுப் பேராகக் கணக்கிடப்படும் என்ற ஒரு வரியையும் சங்கங்கள் எழுத்தில் முன்வைக்கவேண்டும். தலைவர்கள் சந்தாப் பணத்துக்கு வரும்போது, அந்த வரி எங்கே என்று பெண்கள் கேட்கலாம்.