ஓடாத வண்டிக்கும் வயதாகும்

பழைய ஃபெராரி 308 வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். குறைவாக ஓடியிருந்தால் உச்சி குளிர்ந்துவிடும். அவசரப்பட வேண்டாம். 1975-இல் அறிமுகமான இந்த இத்தாலியக் காரின் வி8 எஞ்சினில் இரண்டு டைமிங் பெல்ட்டுகள் உண்டு, இரண்டும் ரப்பர். வண்டி ஷெட்டில் நின்றாலும் ரப்பர் முதுமை அடையும். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். செலவு எஞ்சினைப் பிரிப்பதில் போய் நிற்கும். பெல்ட் கடைசியாக மாற்றியது எந்த ஆண்டு? வாய்ப்பேச்சு போதாது, பில்லைக் கேளுங்கள்.

308-இன் ஜிடிபி வகையில், தொடக்க காலக் கார்களின் பாடி ஃபைபர் கிளாஸ். பின்னால் வந்தவை இரும்புத் தகடு, ஆகவே கதவின் அடிவிளிம்பில் துரு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.

காலையில் இரண்டாம் கியர் முரண்டு பிடிக்கிறதா? அது இந்த வண்டியின் சுபாவம். கியர் ஆயில் சூடான பிறகும் விழவில்லை என்றால், விலையைக் குறைத்துப் பேசுங்கள்.