பத்திரிகை நடத்திய யுத்தம்

1861-ம் வருஷம் ஜூலை 21-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தின் முதற் பெரும்போர், வர்ஜீனியாவில் புல் ரன் என்னும் ஓடைக்கரையில் நிகழ்ந்தது. வட ராஜ்யங்களின் சைனியம் தோற்றோடியது. சரித்திரக்காரர் ஸேனாதிபதி மக்டவலின் பிழைகளை விஸ்தாரமாக எழுதுகின்றனர். பத்திரிகைத் தொழிலிலுள்ள நாம் நோக்க வேண்டிய இடம் வேறு.

அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென் ராஜ்யங்கள் ஏப்ரலில் ஸம்டர் கோட்டையைப் பிடித்ததும், லிங்கன் 75,000 துருப்புகளைக் கோரினார். தவணை மூன்றே மாதம். துறைமுகங்களை அடைத்து, மிஸிஸிப்பி நதியைக் கைப்பற்றி, எதிரியைச் சிறிது சிறிதாக நெருக்க வேண்டுமென்பது 75 வயது நிரம்பிய பிரதம ஸேனாதிபதி ஸ்காட்டின் யோசனை. பத்திரிகைகள் அதைப் பரிகசித்தன. ஜூன் கடைசி வாரம் முதல் ‘நியூயார்க் டிரிப்யூன்’, தென்னவரின் காங்கிரஸ் ஜூலை 20-ல் கூடுமுன் அவர்களது தலைநகரான ரிச்மண்டைப் பிடித்தாக வேண்டுமென்று நாள் தவறாமல் முழங்கிற்று. அவ்வரிகளைத் தாம் எழுதவில்லையென்று அதன் ஆசிரியர் ஹொரேஸ் கிரீலி பின்னர்ச் சமாதானம் கூறினார். எழுதியது பிறர் கையே. ஆயினும் ஏஜெண்டின் செய்கைக்கு எஜமானன் பொறுப்பாளி என்பது சட்டம். கிரீலியின் சமாதானத்தை நாம் ஏற்பதற்கில்லை.

பயிற்சிக்கு அவகாசம் வேண்டினார் மக்டவல். எதிரியும் பயிற்சியற்றவனே என்று பதில் வந்தது. போருக்கு முன் ஒரு பென்ஸில்வேனியா ரெஜிமெண்டும் ஒரு நியூயார்க் பீரங்கிப் படையும் தவணை முடிந்ததென்று கிளம்பிவிட்டன. எதிரியின் பீரங்கி முழக்கம் காதில் விழ, அவர்கள் ஊர் நோக்கி நடந்தனர். ஒப்பந்தப்படி அதில் குற்றமில்லை. வக்கீல் என்ற முறையில் நாமே அவர்களுக்காக வாதாடலாம்!

வாஷிங்டன் கனவான்கள் சிலர், காங்கிரஸ் அங்கத்தினர் உட்பட, உணவுக் கூடைகளுடன் வண்டியேறி யுத்தம் பார்க்க வந்திருந்தனர். காலையில் வெற்றி வடவர் பக்கம் இருந்தது. ஆனால் ஷெனண்டோவா பள்ளத்தாக்கிலிருந்து ஜான்ஸ்டனின் துருப்புகள் ரயிலேறி வந்து சேர்ந்துவிட்டன. பிற்பகலில் வடவர் அணி குலைந்தது. பின்வாங்கும் சேனையும், தளவாட வண்டிகளும், வேடிக்கை பார்த்தோரின் வண்டிகளும் ஒரே சாலையில் நெரிந்தன. ஈலி என்ற காங்கிரஸ் அங்கத்தினர் சிறைப்பட்டார். வடவரில் 460 பேரும் தென்னவரில் 387 பேரும் மாண்டனர்.

லிங்கன் மறுநாளே 500,000 பேரை மூன்று வருஷம் வரை சேவைக்கு அமர்த்தும் சட்டத்தில் கையொப்பமிட்டார். கிரீலியோ ஜூலை 29-ல், உறக்கமின்றித் தவிப்பதாக லிங்கனுக்கு ஒரு கடிதம் எழுதினார். தேசத்துக்கு அதுவே நலமெனில் எதிரிகளின் நிபந்தனைப்படியே சமாதானம் செய்யவும் தயங்க வேண்டாமென்று அதில் கண்டிருந்தது. ஒரு மாதத்துக்கு முன் ரிச்மண்டுக்கு வழி காட்டிய பத்திரிகையின் அதிபர் எழுதியது அது!

ரிச்மண்ட் வீழ்ந்தது 1865 ஏப்ரலில். அதற்குள் துறைமுகங்கள் அடைபட்டிருந்தன; மிஸிஸிப்பி முழுவதும் வடவர் கைக்கு வந்திருந்தது. முதியவர் ஸ்காட் அதைக் காண உயிருடனிருந்தார்.