யார் ஜெயித்தது? 2 ஆயிரம் ஆண்டுச் சண்டை!

சண்டை நடந்து ஏறக்குறைய 2 ஆயிரம் ஆண்டு ஆகிறது. "யார் ஜெயித்தது?" என்ற சண்டை இன்னும் ஓயவில்லை!

சண்டை போட்டவர் சாதாரண ஆள் அல்ல. சோழ ராஜகுமாரர். பெயர், போரவைக்கோப் பெருநற்கிள்ளி. தித்தன் என்ற சோழ மன்னரின் மகன். எதிரி, ஆமூர் என்ற ஊரின் மல்லன். பெரிய பலசாலி.

புறநானூற்றில் 80-வது பாட்டு முதல் 85-வது பாட்டு வரை 6 பாட்டுகள் இந்த இளவரசரைப் பற்றியவை. சாத்தந்தையார் என்ற புலவர் 3 பாட்டு பாடினார். நக்கண்ணையார் என்ற பெண் புலவர் 3 பாட்டு பாடினார்.

ஓலைச் சுவடியில் கிடந்த இந்தப் பாட்டுகளை அச்சில் கொண்டு வந்தவர் நம் தஞ்சைச் சீமைக்காரர். பாபநாசம் பக்கம் உத்தமதானபுரத்தைச் சேர்ந்த உ. வே. சாமிநாதய்யர்தான் அவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழ் ஆசிரியராக இருந்தபோது, 1894-ம் ஆண்டில் புறநானூற்றை வெளியிட்டார்.

திண்ணையில் தகராறு

அதே பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமம். ஓய்வு பெற்ற தமிழ் ஆசிரியர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து இருந்தார். பக்கத்தில் அவருடைய பேரன். கல்லூரியில் படிக்கிறான். செல்போனில் சண்டை பார்த்துக்கொண்டு இருந்தான்.

குத்துச்சண்டை அல்ல, மல்யுத்தமும் அல்ல. இரண்டும் சேர்ந்த கலப்புச் சண்டை. குத்தலாம், உதைக்கலாம், கட்டிப் பிடித்துக் கீழே தள்ளலாம். 1993-ம் ஆண்டு அமெரிக்காவில் டென்வர் நகரில் நடந்த போட்டிக்குப் பிறகு உலகம் எங்கும் பரவியது. 3 நடுவர்கள் மார்க் போடுவார்கள். சுற்றில் ஜெயித்தவருக்கு 10 மார்க். தோற்றவருக்குக் குறைவு. தீர்ப்பு வந்த மறு நிமிஷமே ரசிகர்கள் நடுவர்களை ஒரு பிடி பிடிப்பார்கள்!

"இதைத்தானப்பா சாத்தந்தையார் அன்றைக்கே பாடி இருக்கிறார்" என்றார் தாத்தா. 80-வது பாட்டின் பொருளைச் சொன்னார். இளவரசரின் ஒரு கால் மல்லனின் மார்பில் அழுந்துகிறது. இன்னொரு கால் அவன் முதுகுப் பக்கம் வளைகிறது. பசித்த யானை மூங்கிலை வளைத்து முறிப்பதுபோல, தலை ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் முறியும்படி மோதுகிறார்.

"நடக்காது, தாத்தா!" என்றான் பேரன். "ஒரே ஆளுக்கு மார்பிலே ஒரு கால், முதுகிலே ஒரு கால் எப்படி வைக்க முடியும்? புலவர் தூரத்தில் இருந்து பார்த்திருப்பார்."

தாத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பழைய உரையைக் கேட்டுவிட்டுப் பேசு. ஒரு காலை மண்டி போட்டு மார்பில் வைத்தார். மல்லன் தப்பிக்க ஓர் உபாயம் செய்தான். அதை மற்றக் காலால் தடுத்தார்."

பேரன் யோசித்தான். திண்ணையில் கிடந்த தலையணையை மல்லன் ஆக்கினான். மல்லாந்து கிடந்த தலையணையில் கால் சரியாக அமையவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்தான். முழங்கால் மார்பில் விழுந்தது. மற்றக் கால் முதுகுக்குப் பின்னால் போய்க் கொக்கி போட்டது. தலையணை நகரவில்லை!

"சரிதான், தாத்தா. கீழே விழுந்தவன் பக்கவாட்டில் திரும்பித்தான் தப்பப் பார்ப்பான். அந்த வழியை அடைத்து இருக்கிறார். எங்கள் கோச்சும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்."

எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது. சாத்தந்தையார் கிட்டத்தில் நின்று பார்த்தவர்போலத்தான் பாடி இருக்கிறார்.

வெளியூர்க்காரர்

வேடிக்கை 85-வது பாட்டில் இருக்கிறது. கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறது. "வெற்றி" என்கிறது ஒரு கட்சி. "இல்லை" என்கிறது மறு கட்சி. காரணத்தையும் நக்கண்ணையாரே சொல்லிவிடுகிறார். அது அவருடைய சொந்த ஊர் அல்ல. சொந்த நாடும் அல்ல. வெளியூர்க்காரர் ஜெயித்தால் உள்ளூர்க்காரருக்குக் கண் தெரியுமா?

நக்கண்ணையார் வாதம் செய்யவில்லை. காலில் சிலம்பு ஒலிக்க ஓடினார். வீட்டுப் பனை மரத்தில் சாய்ந்து நின்றார். அவர் ஜெயித்ததைக் கண்ணால் கண்டேன் என்று முடித்துவிட்டார். ஆனால் ஒன்று. 83-வது பாட்டில் அவரே இளவரசர் மீது தனக்குள்ள காதலைச் சொல்லி இருக்கிறார். சாட்சியும் கட்சிக்காரர்தான்!

இந்தக் காலத்திலும் இப்படி நடந்தது. 1976-ம் ஆண்டு ஜூன் 26-ந் தேதி டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும், ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியும் மோதினார்கள். 15 சுற்று. இனோகி பெரும்பாலும் தரையில் படுத்துக்கொண்டே அலியின் காலில் உதைத்தார். அலியால் அதிகம் குத்த முடியவில்லை. முடிவு, சமம். "கோழை" என்று இனோகியைத் திட்டினார்கள். அலியோ கால் வீங்கி ஆஸ்பத்திரிக்குப் போனார். இன்று கலப்புச் சண்டையில் காலில் உதைப்பது பாலபாடம். இப்போது இனோகியைப் புகழ ஆள் இருக்கிறது.

அப்பா பார்க்க வேண்டும்

ஆமூர் மல்லன் செத்தானா, தோற்றானா என்றும் ஒரு வழக்கு உண்டு. "அடு" என்ற சொல்லுக்குக் கொல்லுதல், வெல்லுதல் என்று இரண்டு பொருள். அதற்குள் நாம் போக வேண்டாம். சாத்தந்தையாருக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது.

இளவரசருக்கும் தந்தைக்கும் ஒத்துப்போகவில்லை. அரசர் மகன் கூழ் குடித்து வாழ்ந்தார். நக்கண்ணையார் 84-வது பாட்டில் அதைச் சொல்கிறார். கூழ் குடித்தும் தோள் பெருத்து இருக்கிறதாம். களத்தில் இறங்கினால், உப்பு வண்டிக்காரர்கள் நடுங்கும் ஆற்றுத் துறைபோல இருக்கிறாராம். காவிரிக் கரையில் வண்டி இறக்கியவர்களுக்கு அந்த நடுக்கம் தெரியும்.

தந்தை மெச்சினாலும் சரி, மெச்சாவிட்டாலும் சரி, இந்தப் பிடியைத் தித்தன் பார்க்க வேண்டும் என்கிறார் சாத்தந்தையார்.

இதைச் சொன்னபோது தாத்தாவின் குரல் இறங்கியது. பேரன் தலையணையைத் தட்டிச் சரி செய்தான். அவன் பயிற்சிக்குப் போவது அவனுடைய தகப்பனாருக்குப் பிடிக்கவில்லை. 2 மாதமாக வீட்டில் பேச்சு இல்லை.

"தஞ்சாவூர்ப் போட்டி என்றைக்கு?" என்று தாத்தா கேட்டார்.

"மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை."

"நான் வருகிறேன். உங்க அப்பனையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்."