கூரை இணைப்பு

கூரை இணைப்பு என்பது, ஏற்கெனவே உள்ள ஒரு கட்டிடத்தின் கூரையையோ சுவரையோ, புதிதாகச் சேர்க்கப்படும் பகுதியின் கூரை சந்திக்கும் இடத்தை அமைக்கும் முறையாகும். பழைய வீட்டையொட்டிக் கார் கொட்டகை கட்டும்போது இது பெரிதும் தேவைப்படுகின்றது. மழைநீரை உள்ளே விடாதிருப்பதும், இரு கட்டிடங்களும் தனித்தனியே அசைய இடம்கொடுப்பதும் இவ்விணைப்பின் இரண்டு பணிகள். இரண்டாவது பணி மறக்கப்படுவதாலேயே பல இணைப்புகள் ஒழுகுகின்றன.

தென்காசிப் பகுதியின் காலநிலை

தென்காசியை அடுத்துள்ள குத்துக்கல்வலசை, மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, செங்கோட்டைக் கணவாயிலிருந்து வரும் காற்றின் பாதையில் உள்ளது. சூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து பலத்த காற்றுடன் சாரல் வீசும். அக்டோபர் முதல் திசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை பெய்யும். சாரல் செங்குத்தாக விழாமல் சாய்வாக அடிப்பதால், நேர்மழைக்கு ஒழுகாத இடைவெளியிலும் நீர் புகக்கூடும். காற்று தகரக் கூரையை மேல்நோக்கித் தூக்கவும் செய்யும். ஆகவே தகடுகளைத் தூண்களுடன் உறுதியாகப் பிணைக்கவேண்டும்.

சரிவைத் தொடர்தல்

பழைய ஓட்டுக் கூரையின் சரிவை அப்படியே நீட்டுவது எளிதாகத் தோன்றும். ஆனால் 30 பாகைச் சரிவுள்ள கூரை, 3 மீட்டர் நீளும்போது ஏறத்தாழ 1.73 மீட்டர் தாழ்ந்துவிடும். இறவாரம் 2.7 மீட்டர் உயரத்தில் இருந்தால், கொட்டகையின் வெளி விளிம்பில் ஒரு மீட்டர் உயரமே எஞ்சும். இதனால் இறவாரத்திற்குக் கீழே, குறைந்த சரிவில் தகரக் கூரை அமைப்பதே வழக்கம். 6 பாகைச் சரிவில் அதே 3 மீட்டருக்கு 0.32 மீட்டர் தாழ்வே ஏற்படும். இவ்வளவு குறைந்த சரிவு ஓடு வேய்வதற்குப் பொருந்தாது.

சுவருடன் சேரும் இடம்

தகரக் கூரை சுவரைத் தொடும் இடத்தில் சிமெந்துக் கலவையை மட்டும் பூசினால், அது விரைவில் வெடித்துவிடும். 6 மீட்டர் நீளமான இரும்புத் தகடு, வெப்பநிலை 30 பாகை செல்சியசு உயரும்போது ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீள்கிறது. விறைப்பான கலவை இவ்வசைவைத் தாங்காது. மாறாக, சுவரில் காடி வெட்டி, வளைத்த தடுப்புத் தகடொன்றின் மேல்விளிம்பை அதில் செருகி அடைக்கவேண்டும். அதன் கீழ்ப்பகுதி கூரைத் தகட்டின்மேல் கவிந்திருக்கும், அதனுடன் ஒட்டப்படுவதில்லை. மேலுள்ளது கீழுள்ளதை மூடவேண்டும் என்பதே ஓடு வேய்தலுக்கும் இதற்கும் பொதுவான விதி.

இரு சரிவுகள் சந்திக்கும் பள்ளம்

புதிய கூரை பழைய கூரையைச் செங்கோணத்தில் சந்தித்தால், இடையில் ஒரு பள்ளம் உருவாகும். இரண்டும் 30 பாகைச் சரிவுடையனவாயினும், பள்ளத்தின் சரிவு ஏறத்தாழ 22 பாகையே. இரு பக்க நீரும் மெதுவாக ஓடும் இவ்விடத்திற்கு அகன்ற தகர வாய்க்கால் தேவை. இலைகள் அடைத்தால் நீர் ஓடுகளுக்கு அடியில் ஏறி, கைமரங்களை உளுத்துப்போகச் செய்யும்.

காங்கிரீட்டுத் தளங்கள்

பழைய வீடு தன் எடைக்கேற்ப ஏற்கெனவே மண்ணில் அமிழ்ந்து நிலைபெற்றிருக்கும். புதிய அடித்தளம் இனிமேல்தான் அமிழும். பழைய தளத்தைக் கொத்திக் கம்பிகளைச் சேர்த்துப் புதிய தளத்தை வார்த்தால், இவ்வேறுபாடு இணைப்பில் வெடிப்பாக வெளிப்படும். எனவே புதிய தளத்தைத் தனித் தூண்களில் நிறுத்தி, இடையே 20 முதல் 25 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது நல்லது. இடைவெளியின் இருபுறமும் சிறு வரம்பு எழுப்பி, மேலே ஒரு பக்கம் மட்டும் பொருத்திய மூடுதகடு இடப்படும். இந்தியாவில் கட்டிட இணைப்புகளுக்கான வழிகாட்டு நெறிகள் ஐ.எசு. 3414 என்னும் தரநிலையில் உள்ளன.

சன்னல்களுக்கு மேலுள்ள சன்சேடுகளின்மீது புதிய கூரையைத் தாங்கவைப்பது ஆபத்தானது. அவை தம் எடையையும் சிறிதளவு சுமையையும் மட்டுமே தாங்க வடிவமைக்கப்பட்டவை. சுமை கூடினால் முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். பழைய அடித்தளத்தையொட்டி அதைவிட ஆழமாகத் தோண்டுவதும், மண்சாந்தில் கட்டிய பழைய சுவர்களுக்குக் கேடாகும்.

பராமரிப்பு

புதிய கூரையின் நீர், பழைய வீட்டிலிருந்து விலகி ஓடுமாறு சரிவு அமையவேண்டும். தென்காசிப் பகுதியில் சாரல் தொடங்குமுன் மே மாதத்திலும், வடகிழக்குப் பருவமழைக்கு முன் செப்டம்பரிலும் இணைப்புகளைச் சோதித்து வாய்க்கால்களைத் துப்புரவு செய்வது பயனுள்ளது.